பல்கலைக்கழகத்தின் வருங்காலம்: மனப்போக்கை மாற்றுவது தலைமையின் உரையா, விதிமுறையா?

கேள்வி – கரும்பலகை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத்தின் அடுத்த பத்தாண்டுகளுக்கான திட்டத்தை வரையும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். கட்டடமும் கருவியும் பிறகு வரட்டும், முதலில் ஆசிரியர்களிடமும் அலுவலர்களிடமும் மனமாற்றம் வர வேண்டும் என்று துணைவேந்தர் முதல் கூட்டத்திலேயே வலியுறுத்தினார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, வீட்டில் எழுதிக் கொண்டுவரும் கட்டுரையை வைத்து ஒரு மாணவரின் அறிவை அளந்துவிடலாம் என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிட்டது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வருபவர்களுக்கு எங்கள் கால அட்டவணை ஒத்துவரவில்லை. பழைய முறையிலேயே இன்னும் பத்தாண்டுகள் ஓட்ட முடியாது என்பதைக் குழுவில் எல்லோருமே ஒப்புக்கொள்கிறார்கள்.

ஒப்புக்கொண்ட பிறகு நடப்பதுதான் என் கவலை. துறைக்குத் திரும்பியதும் சென்ற ஆண்டு வினாத்தாளில் நான்கைந்து வினாக்களை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெரும்பாலானோர் பாடச்சுமையோடு ஆய்வு மாணவர்களையும் நிர்வாகப் பொறுப்புகளையும் சேர்த்துச் சுமப்பவர்கள். அப்படியிருக்க, மனப்போக்கை மாற்ற விரும்பும் தலைமை எங்கிருந்து தொடங்க வேண்டும்? தொலைநோக்கை எடுத்துச் சொல்லி மனங்களை வென்ற பிறகு விதிகளைத் தொட வேண்டுமா, அல்லது விதிகளை மாற்றினால் மனங்கள் தாமாகவே பின்தொடருமா? இத்தகைய முயற்சிகளை அருகிலிருந்து கண்டவர்கள், அல்லது ஆழ்ந்து படித்தவர்கள், தங்கள் கருத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1 – நெடுவழி

நீண்ட காலம் கல்வி நிர்வாகத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உரையா விதியா என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் முன் இருப்பது எந்த வகைச் சிக்கல் என்று பிரித்தறிய வேண்டும். தலைமைத்துவம் பற்றி ஆராய்ந்த ரொனால்ட் ஹைஃபெட்ஸ், விடை தெரிந்த சிக்கல்களையும், அதில் சம்பந்தப்பட்டவர்களே தங்கள் பழக்கத்தையும் மதிப்பீடுகளையும் மாற்றிக்கொண்டால் மட்டுமே தீரும் சிக்கல்களையும் வேறுபடுத்திக் காட்டினார். முதல் வகைக்கு வல்லுநரை அழைத்தால் போதும். இரண்டாம் வகையை முதல் வகையைப் போல நடத்துவதே தலைமை மீண்டும் மீண்டும் செய்யும் பிழை என்பது அவர் வாதம். மென்பொருள் வாங்குவதையும் பயிற்சிப் பட்டறை நடத்துவதையும் மனமாற்றம் என்று அறிக்கையில் எழுதும் பல்கலைக்கழகங்கள் செய்வது அதைத்தான்.

நல்ல எடுத்துக்காட்டாக நான் கருதுவது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம். 2003ஆம் ஆண்டு நிலவரப்படி, அங்கே சேர்ந்த மாணவர்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினரே ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெறும் நிலை இருந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்த விகிதம் 50ஐத் தாண்டியது. கறுப்பின மாணவர்களும் வெள்ளையின மாணவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பட்டம் பெறும் நிலையும் உருவானது. நுழைவுத் தகுதியை உயர்த்தி, வசதியும் மதிப்பெண்ணும் உள்ளவர்களை மட்டும் சேர்த்து இதைச் சாதிக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எப்படிச் சாதித்தார்கள்? தங்கள் பதிவேடுகளைத் தாங்களே வாசித்தார்கள். ஒவ்வொரு பருவத்திலும் கட்டணம் கட்டி முடிக்காத மாணவர்களின் பெயர் வகுப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கப்பட்டவர்களில் பலர் இறுதி ஆண்டில் இருந்தவர்கள், நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள், பல நேரங்களில் ஆயிரம் டாலருக்கும் குறைவாகவே பாக்கி வைத்திருந்தவர்கள். 2011 முதல் அந்தப் பாக்கியைப் பல்கலைக்கழகமே சிறு நிதியுதவியாகக் கொடுத்து அடைத்தது. மாணவர் விண்ணப்பிக்கக் காத்திருக்கவில்லை. பட்டியலைப் பார்த்துத் தகுதியானவர்களைப் பல்கலைக்கழகமே தேடிப் போனது. அதற்கடுத்த ஆண்டு, மாணவர் தடுமாறுவதற்கான அறிகுறிகளைத் தரவுகளில் கண்டு ஆலோசகர்களை எச்சரிக்கும் முறையையும் கொண்டுவந்தார்கள். தன் முதன்மைத் துறையின் முதல் பாடத்திலேயே சி தரம் வாங்கும் மாணவர் பட்டம் பெறாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்ததும், அந்தத் தரத்தைத் தேர்ச்சி என்று எண்ணிக் கடந்துபோகாமல் உடனே அழைத்துப் பேசத் தொடங்கினார்கள்.

அங்கே யாரும் ஆசிரியர்களின் மனப்போக்கை மாற்றும் இயக்கம் என்று எதையும் தொடங்கவில்லை. மாணவர் ஏன் தோற்கிறார் என்ற கேள்வியைக் கைவிட்டு, நம்முடைய எந்த நடைமுறை அவரைத் தோற்கடிக்கிறது என்ற கேள்வியைத் தலைமை எடுத்துக்கொண்டது. கிடைத்த விடையை எல்லோர் முன்னிலையிலும் வைத்தது. தாங்கள் கையெழுத்திட்ட பட்டியலில் இருந்த மாணவர்களின் முகங்கள் தெரிந்த பிறகு பழைய வழக்கத்துக்காக வாதாட யாருக்கும் எளிதில் நா எழாது. எனவே உங்கள் குழு முதல் மூன்று மாதங்களில் உரை எதையும் தயாரிக்க வேண்டாம். உங்கள் பல்கலைக்கழகத்தில் இடைநின்றவர்கள் எந்தப் பருவத்தில், எந்தப் பாடத்தில், எந்த அலுவலக மேசையில் நின்றுபோனார்கள் என்று எடுத்துப் பாருங்கள்.

பதில் 2 – பதிவேடு

நெடுவழி ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தலைமை முடிவெடுத்தால் காரியம் நடந்துவிடும் என்ற எண்ணம் இதைப் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2011 இலையுதிர் காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து இணையத்தில் கட்டணமின்றி நடத்தப்பட்ட செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அடுத்த சில மாதங்களில் இனி வகுப்பறைகளுக்கு வேலையில்லை என்ற பேச்சு உலகெங்கும் எழுந்தது. அந்தப் பரபரப்பின் நடுவே, 2012 ஜூன் 10 அன்று வர்ஜீனியா பல்கலைக்கழகத் தலைவர் தெரசா சல்லிவன் பதவி விலகுவதாக அறிவிப்பு வந்தது. ஆட்சிக்குழுவின் தலைமைதான் அவரை விலக வைத்தது. இணையவழிக் கல்வி உள்ளிட்ட மாற்றங்களில் அவர் வேகம் போதவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. பேராசிரியர்கள், புலத்தலைவர்கள், மாணவர்கள், முன்னாள் மாணவர்கள் எல்லோரும் திரண்டு எழுந்தார்கள். ஜூன் 26 அன்று அதே ஆட்சிக்குழு ஒருமனதாக அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. சில வாரங்களில் அந்தப் பல்கலைக்கழகம் கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்துடன் உடன்பாட்டை அறிவித்தது. அதற்கான பேச்சுகளை அங்கிருந்த ஆசிரியர்கள் முன்பே தொடங்கியிருந்தார்கள். தேங்கிக் கிடக்கிறது என்று மேலிருப்பவர்கள் நினைத்த இடத்தில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது, அவர்களுக்குத்தான் அது தெரியவில்லை.

ஒரே தலைவரிடம் இரண்டு விதமான அனுபவத்தையும் காணலாம். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன் 1902 முதல் 1910 வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். 1905இல், மாணவர்களைச் சிறு குழுக்களாக அமர்த்தி உரையாடிக் கற்பிப்பதற்காகவே ஏறத்தாழ ஐம்பது இளம் ஆசிரியர்களை நியமித்தார். அதற்குப் பணமும் ஆளும் இருந்தன, யாருடைய இடமும் பறிபோகவில்லை, திட்டம் வேரூன்றியது. 1907இல் மாணவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் உணவுக் கழகங்களுக்கு மாற்றாகப் புதிய விடுதி அமைப்பை முன்வைத்தபோது, அறங்காவலர்களின் ஒப்புதலை வாங்கினாரே தவிர, முன்னாள் மாணவர்களையோ ஆசிரியர்களையோ முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. ஜூனில் கிடைத்த ஒப்புதல் அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டது. அவருடைய நோக்கம் இரண்டு தடவையும் உயர்ந்ததுதான், பேச்சாற்றலுக்கும் குறைவில்லை. இரண்டாவது தடவை இழப்பு யாருக்கு என்று அவர் கணக்கிடவில்லை. கரும்பலகை அம்மையார் குறிப்பிட்ட அந்தத் தலையசைப்பையும் அப்படித்தான் பார்க்கிறேன். எதை இழப்போம் என்று தெரியாத நிலையில், கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவதைவிடத் துறைக்குப் போய்ச் சும்மா இருப்பதே மக்களுக்கு எளிது.

பதில் 3 – இளமுனைவர்

எதை இழப்போம் என்ற கேள்வி இளம் ஆசிரியர்களைப் பொறுத்தவரை பணி உயர்வு விண்ணப்பத்திலேயே இருக்கிறது. நான் நிரப்பும் படிவத்தில் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பக்கம் பக்கமாக அட்டவணை உண்டு: இதழின் பெயர், அதன் தாக்கக் குறியீடு (அதில் வரும் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்ற எண்), மேற்கோள் எண்ணிக்கை, ஆசிரியர் வரிசையில் என் இடம். கற்பித்தலுக்கு ஒதுக்கியிருப்பது ஒரு கட்டம். அதில் எடுத்த பாடங்களின் பெயர்களை எழுதினால் இடம் முடிந்துவிடும். ஒரு பாடத்தின் மதிப்பீட்டு முறையை அடியோடு மாற்ற நான் ஒரு பருவம் முழுவதும் உழைத்தால் அதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. இந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு மனமாற்றம் பற்றிப் பேசும் தலைமையை இளையவர்கள் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் உருவாக்கிய பிரகடனம், இதழின் தாக்கக் குறியீட்டை ஒரு தனி ஆய்வாளரின் தகுதிக்கு அளவுகோலாக்கக் கூடாது என்றது. ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டுள்ளன. கையெழுத்திடுவது எளிது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2021இல், நியமனத்திலும் பணி உயர்விலும் தாக்கக் குறியீட்டைப் பயன்படுத்தப் போவதில்லை என்று அறிவித்து, கற்பித்தல், குழுப்பணி, திறந்த அறிவியல் (ஆய்வை எல்லோருக்கும் திறந்துவைப்பது) ஆகியவற்றுக்கு மதிப்பளிக்கும் முறைக்கு மாறத் தொடங்கியது. அந்நாட்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். அளவுகோல் போய்விட்டால் வேண்டியவர்களுக்கே பதவி கிடைக்கும், உலக அரங்கில் தங்கள் இளம் ஆய்வாளர்கள் பின்தங்குவார்கள் என்பது அவர்களின் அச்சம். அந்த அச்சம் எனக்கும் கொஞ்சம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. எண்ணுக்குப் பதிலாக மனிதத் தீர்ப்பு வரும்போது, தீர்ப்பளிப்பவரின் நேர்மைக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்தே வகுக்க வேண்டும்.

ஆயினும் அந்தப் பல்கலைக்கழகம் 2023இல் உலகத் தரவரிசைப் பட்டியல் ஒன்றிலிருந்தும் விலகியது. தலைமை தான் பெருமையாக நினைத்த ஒன்றைத் தானே முதலில் விட்டுக்கொடுத்தது. மேலிருப்பவர்கள் தரவரிசையைத் துரத்திக்கொண்டே, எண்களைத் துரத்தாதீர்கள் என்று கீழே இருப்பவர்களிடம் சொன்னால் அது எடுபடாது.

கரும்பலகை

மூவருக்கும் நன்றி. இடைநின்றவர்களின் பட்டியல், பணி உயர்வுப் படிவம் இரண்டையும் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். படிவம் மாறும் வரை வகுப்பறையில் எதுவுமே செய்ய முடியாதா? அடுத்து, தலைமைப் பதவியின் காலம் சில ஆண்டுகள்தான். அடுத்து வருபவர் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார் என்ற எண்ணமே எங்கள் ஊழியர்களைத் தயங்க வைக்கிறது. அதற்கு என்ன வழி?

பதில் 4 – சுண்ணக்கட்டி

முதல் ஐயத்துக்கு மட்டும் சொல்கிறேன். செய்யலாம். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில், தேர்வில் கணக்குகளைச் சரியாகப் போடும் தன் மாணவர்களுக்கு விசை பற்றிய எளிய கருத்து வினாக்களைக் கொடுத்துப் பார்த்தார். நீங்கள் கற்பித்தபடி விடை எழுத வேண்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடியா என்று ஒரு மாணவி கேட்டாராம். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் விரிவுரையைக் குறைத்தார். வினாவைக் கொடுத்து, தனித்தனியாக விடை சொல்ல வைத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் செய்து, மீண்டும் விடை கேட்கும் முறையைக் கொண்டுவந்தார். எந்தத் தலைமையின் ஆணையும் இல்லாமலே அது உலகெங்கும் பரவியது. உங்கள் துறைகளிலும் இப்படி யாராவது சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பார்கள். வாய்மொழித் தேர்வையோ வகுப்பிலேயே எழுதும் கட்டுரையையோ சோதித்துப் பார்க்கும் அவர்களுக்கு, அந்தப் பருவத்தில் மாணவர் கருத்துக் கணிப்பில் மதிப்பெண் குறைந்தாலும் அது கணக்கில் வராது என்று துணைவேந்தர் எழுத்தில் உறுதி கொடுக்கட்டும். புதிய முறையில் முதல் பருவம் மாணவர்களுக்குப் பிடிப்பதில்லை என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த அச்சம் நீங்கினாலே பலர் முன்வருவார்கள்.

பதில் 5 – நெடுவழி

இரண்டாம் ஐயத்துக்கு என் பதில். சார்லஸ் எலியட் 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்தார். கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாகக் களைந்து, மாணவர் தம் விருப்பப்படி பாடம் தேர்ந்தெடுக்கும் முறையை நிறுவ அவருக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல் அதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை; ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரவலும் இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டினார். இன்று பல நாடுகளில் காணும் முதன்மைப் பாடம், விருப்பப் பாடம் என்ற அமைப்பில் இருவரின் கையும் இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் இருந்தவரின் வேலையையே அடுத்தவர் திருத்தினார் என்றால், சில ஆண்டுகள் மட்டும் இருப்பவர் தன் திட்டம் யாரும் தொடாமல் நிலைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

செய்யக்கூடியது வேறு. மாற்றத்தைத் துணைவேந்தரின் சுற்றறிக்கையாக விடாமல் கல்விப் பேரவையின் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். சுற்றறிக்கையை அடுத்தவர் ஒரு கையெழுத்தில் நீக்கிவிடலாம், தீர்மானத்தை மாற்ற அவர் பேரவையில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். புதிய விதி ஒவ்வொன்றோடும் அதை எந்த ஆண்டில், எந்தத் தரவை வைத்து, யார் மறுஆய்வு செய்வார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த மறுஆய்வுக் குழுவில் இளமுனைவர் போன்றவர்கள் பாதிப் பேராவது இருக்கட்டும், ஏனென்றால் பத்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டிலும் அந்தப் பல்கலைக்கழகத்தில் பணியில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தாம்.