பேஸ்மேக்கருக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும்

தாதியர் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:

அன்பர்களுக்கு வணக்கம். இதய நோயாளர்களுக்கான எங்கள் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செயற்கை வால்வுப் பகுதி முடிந்துவிட்டது. பொறிமுறை வால்வு வைத்தவர் வாழ்நாள் முழுதும் இரத்தம் உறையாமல் தடுக்கும் வாபரின் மருந்தை எடுக்கவேண்டும் என்பதைத் தனியாகவே எழுதியிருக்கிறோம். 'வால்வு' எல்லாருக்கும் தெரிந்த சொல்; சைக்கிளில் வால்கட்டை இருக்கிறதே. சிக்கல், இதயத் துடிப்பு தவறாமலிருக்க உடலில் பொருத்தும் பேஸ்மேக்கரின் பெயரில். தமிழ்நாட்டார் 'இதயமுடுக்கி' என்கிறார்கள். வரைவில் அதை வாசித்த ஓர் அம்மா, "அப்ப இனி நெஞ்சு கெதியா அடிக்குமோ, பிள்ளை?" என்று பயந்துபோய்க் கேட்டார். பௌதிகவியலில் ஆர்முடுகல் (வேகம் கூடுதல்) படித்துவிட்டு வரும் மாணவிகளுக்கும் அதே மயக்கம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கரவெட்டி:

பிள்ளை, அந்த அம்மாவின் பயம் நியாயமானது. முடுக்குதல் என்றால் விரட்டுதல். நான் சொல்வது 'துடிப்பி'. நட, நடப்பி, படி, படிப்பி. பிறவினை விகுதி சேர்ந்த 'படிப்பிக்கிறார்' எங்கள் வீடுகளில் நாளும் புழங்குகிறது. துடி, நடு ஒடுங்கிய ஒரு தோற்கருவி. "துடியன் பாணன் பறையன் கடம்பன்" என்று குடிகளை எண்ணுகிறது புறநானூறு 335. துடியிடை என்று பெண்ணின் இடைக்குப் போனது அதன் வடிவம். நெஞ்சுக்கு வந்தது அதன் ஒலி. துடிப்பு என்ற சொல்லே அந்தக் கருவியிலிருந்து பிறந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். உடுக்கையையும் இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும். அதைப் பிறகு எழுதுகிறேன்.

மருத்துவர், கொழும்பு:

ஐயா, கருவி செய்கிற வேலையைப் பார்ப்போம். 1958 ஒக்ரோபர் 8 அன்று சுவீடனில் ஆர்னே லார்சன் என்ற நோயாளியின் உடலுக்குள் முதலாவது பேஸ்மேக்கரைப் பொருத்தினார்கள். சில மணி நேரத்தில் அது நின்றுபோனது. கருவிகளை மாற்றி மாற்றி அவர் 2001 வரை வாழ்ந்தார். இன்றைய கருவிகள் இதயத்தைக் கவனித்தபடி இருக்கும். துடிப்பு தன்பாட்டில் வந்தால் தலையிடாது, தவறினால் மட்டும் தூண்டும். 'துடிப்பி' என்றால் எந்நேரமும் அதுதான் துடிக்கவைக்கிறது என்று தோன்றும். 1980இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய, மருத்துவர் மிரோவ்ஸ்கியின் கருவி, தாறுமாறான துடிப்பை மின்னதிர்ச்சியால் அடக்குவது. அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? 'துடிப்புச் சீராக்கி' இரண்டுக்கும் பொருந்தும்.

பௌதிகவியல் ஆசிரியர், சாவகச்சேரி:

சீராக்கி எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆடலோட்ட மின்சாரத்தை (AC) நேரோட்டமாக (DC) மாற்றுவது அது. உயர்தர மாணவர் குழம்புவார்கள். சனம் "நெஞ்சில பற்றறி வைச்சிருக்கு" என்றுதான் சொல்கிறது. காந்தத்தைப் பயன்படுத்தும் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கப் போகிறவர் அங்கே உடனே சொல்லவேண்டிய சொல் இது. அவர் 'துடிப்பி' என்று சொல்லி, கேட்டவருக்கு விளங்காவிட்டால் ஆபத்து அவருக்கு. பேஸ்மேக்கர் என்றே போடுங்கள்.

தமிழாசிரியர், கரவெட்டி:

தவறும்போது துடிக்கவைத்தாலும் அது துடிப்பித்தல்தான், தம்பி. மானிப்பாயில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைவைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தார். அன்று அந்தச் சொற்கள் யாருக்கு விளங்கின? படிப்பித்தபடியால் விளங்கின.

தாதியர் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:

தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பெரும்பான்மை 'பேஸ்மேக்கர்' பக்கம். நூல் முழுதும் அதையே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'துடிப்பி' என்றும், "துடிப்பு தவறும்போது தூண்டிவிடும் கருவி" என்று ஒரு விளக்கமும் இருக்கும். மிரோவ்ஸ்கியின் கருவிக்கு இந்தப் பதிப்பில் விளக்கம் மட்டும்தான், பெயர் இல்லை.

தமிழாசிரியர், கரவெட்டி:

எனக்குச் சம்மதமில்லை. ஓரிடத்தில் மட்டும் வரும் சொல் எப்படிப் பழகும்? தலைப்பிலாவது போடுங்கள், பிள்ளை. வெள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது.