சுரங்கம் கடந்தபின் கிணற்று நீர் இறங்கிவிட்டது: எதை அளந்து வைப்பது?

எங்கள் ஆழ்துளைக் கிணறு 60 மீட்டர். அதற்குக் கீழே, ஏறக்குறைய 180 மீட்டரில், நீள்சுவர் முறையில் நிலக்கரி எடுக்கிறார்கள். தூண் விடாமல் வெட்டி, கூரையைப் பின்னால் சரியவிடும் முறை அது.

வெட்டுமுகம் மார்ச்சில் எங்கள் நிலத்தைக் கடந்தது. 14 மீட்டரில் நின்ற நீர்மட்டம் மூன்றே வாரத்தில் 31 மீட்டருக்குப் போய்விட்டது. தெளிவாக விழும் தண்ணீர் வாளியில் ஒரு மணி நேரத்தில் துருநிறமாகி, மேலே எண்ணெய்போல் படலம் கட்டுகிறது. குச்சியால் தொட்டால் சில்லுச் சில்லாக உடைகிறது. ஆகவே எண்ணெய் அல்ல, இரும்பு.

பம்பை 6 மீட்டர் இறக்கினேன், காற்றைத்தான் இழுத்தது. இரண்டு வாரம் நிறுத்தியும் மட்டம் ஏறவில்லை. ஆய்வகச் சோதனையில் இரும்பும் சல்பேட்டும் அதிகம். சுரங்கத்துக்கு முந்தைய சோதனைத் தாள் என்னிடம் இல்லை. நிறுவனம் மழை குறைவு என்கிறது. மழை குறைந்தால் மூன்று வாரத்தில் 17 மீட்டரா?

என் பெரிய கவலை வேறு. கிழக்கே 400 மீட்டரில் பழைய காவி ஓவியங்கள் உள்ள பாறைக்குகை இருக்கிறது. விதானத்தில் மயிரிழையாக இருந்த விரிசலில் இப்போது நாணயம் நுழைகிறது. அதன்வழி கசியும் நீர் ஒரு மான் உருவத்தின்மேல் வெள்ளை உப்பாகப் படிகிறது. குறுக்கே பென்சில் கோடு போட்டுப் படம் எடுத்துவருகிறேன். அடுத்த வெட்டு ஆறு மாதத்தில் அதன் அடியில் வரும்.

அதற்குள் கிணற்றிலும் குகையிலும் எவற்றை, எத்தனை நாளுக்கு ஒருமுறை அளந்து பதிவு செய்தால் காரணம் சுரங்கம்தான் என்று நிறுவ முடியும்?