நாலு வாயில் ஓடிய ரயில்

மிருதங்கப் பிரியன்:
கோல்டன் கேட் குவார்ட்டெட் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பக்திப் பாடல் குழுவை முதன்முதலில் கேட்ட அன்று நன்றாக ஏமாந்தேன். நண்பர் ஒருவர் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டார். ரயில் கிளம்புகிறது, சக்கரம் வேகம் பிடிக்கிறது, தூரத்தில் ஊதல். "யார் வாசிக்கிறார்கள்?" என்றேன். "வாத்தியமே கிடையாது. நாலு பேர், நாலு வாய்" என்று சிரித்தார். 1937-இல் பதிவானதாம். கொன்னக்கோல் கேட்டு வளர்ந்தவனுக்கே பிடிபடவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு அடிக்குரல்காரர் ஆர்லாண்டஸ் வில்சனை மட்டும் தனியாகக் கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். மனிதர் பாடுகிறார் என்பதைவிடச் சொற்கட்டு தட்டுகிறார் என்பதே சரி.

வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில், கறுப்பின மாணவர்கள் படித்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் 1934-இல் சேர்ந்த குழு இது. தொடங்கியவர்களில் ஒருவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இதுதான். 1941-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை பதவியேற்றபோது வாஷிங்டனில் கான்ஸ்டிடியூஷன் ஹாலில் பாடினார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குக் கதவைச் சாத்திய அதே அரங்கம்!

லாச்சப்பல்வாசி:
நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். அமெரிக்காவில் அல்ல, பிரான்சில், ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில். பிரம்பு நாற்காலி, உடம்பை நடுக்கும் குளிர். பக்கத்தில் இருந்த பிரெஞ்சுப் பாட்டி முதல் தட்டிலும் மூன்றாம் தட்டிலும் கை தட்டிக்கொண்டிருந்தார். தட்ட வேண்டியது இரண்டிலும் நான்கிலும். சொல்ல மனம் வரவில்லை. கடைசிவரை அவர் ஒரு தாளம், மேடை ஒரு தாளம்.

இவர்கள் எப்படிப் பாரிசுக்கு வந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு: ஐம்பதுகளில் அமெரிக்காவில் உரக்கக் கதறிப் பாடும் பாணி மேலோங்கிவிட்டது, குரல்களைத் தாளக்கட்டோடு இணைத்து நிதானமாகப் பாடும் இவர்களின் ஜூபிலி பாணிக்கு மவுசு குறைந்தது. 1955-இல் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம், 1959-இல் பாரிசிலேயே குடியேற்றம். வில்சன் 1998-இல் காலமானார். அவருடைய இடத்தில் வேறொருவர் நின்று பாடியதைத்தான் நான் கேட்டேன்.

ஒற்றைச்சுருதி:
எல்லோரும் மாறிய பிறகு அது எப்படி அதே குழு? எனக்கு இதில் உடன்பாடில்லை. இதே வகைப் பாடல் பாடும் டிக்ஸி ஹம்மிங்பேர்ட்ஸ் குழுவைப் பாருங்கள். 1928-இல் தென் கரோலினாவின் கிரீன்வில்லில் தொடங்கியது. அதன் முன்னணிப் பாடகர் ஐரா டக்கர் 13 வயதில் சேர்ந்து, 2008-இல் இறக்கும்வரை ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பாடினார். மேடையிலிருந்து குதித்துக் கூட்டத்துக்குள் ஓடுவாராம். அதுதான் தொடர்ச்சி.

லாச்சப்பல்வாசி:
எங்கள் ஊர்க் கோயில் பஜனைக் கோஷ்டியிலும் தாத்தா காலத்து ஆள் ஒருவர்கூட இப்போது இல்லை. ஆனாலும் மார்கழியில் அதே தெருவில், அதே வரிசையில்தான் வருகிறார்கள். அன்று தேவாலயத்தில் அடிக்குரல் இறங்கியபோது என் பிரம்பு நாற்காலி லேசாக அதிர்ந்தது. பாடியவர் வில்சன் இல்லை என்பது அந்த நாற்காலிக்குத் தெரியாது, ஐயா.