நிக்கல் ஆக்சைடின் காந்த உச்சம்: அனுபவமுள்ளோர் வழிகாட்டுக

அன்பர்களுக்கு வணக்கம். டர்பனில் இருந்தபடி, எதிர்ஃபெரோகாந்தப் பொருளான (அடுத்தடுத்த தளங்களின் காந்தத் திசைகள் எதிரெதிராக அமைந்த) நிக்கல் ஆக்சைடை, ஒத்ததிர்வு எக்ஸ்-கதிர்ச் சிதறலால் (அணு வலுவாக உறிஞ்சும் ஆற்றலுள்ள கதிரைச் செலுத்திச் சிதறலை அளக்கும் முறையால்) ஆராயத் தயாராகி வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் சிங்க்ரோட்ரான் (வலிமையான எக்ஸ்-கதிர் தரும் துகள் முடுக்கி) இல்லாததால், பிரான்சின் கிரெனோபிளிலுள்ள சிங்க்ரோட்ரானில் கிடைக்கும் சில நாள்களை வீணாக்க மனமில்லை.

நிக்கலின் எல்3 விளிம்பில் (நிக்கல் எக்ஸ்-கதிரைத் திடீரென அதிகமாக உறிஞ்சும் ஆற்றல்களுள் ஒன்றில்) அலைநீளம் 14.5 ஆங்ஸ்ட்ராம், காந்தத் தளங்களின் இடைவெளியோ 4.8 ஆங்ஸ்ட்ராம்தான் என்பதால், அங்கே பிராக் நிபந்தனை (உச்சம் தோன்ற, அலைநீளம் தள இடைவெளியின் இருமடங்கை மீறக்கூடாது) நிறைவேற வழியே இல்லை. ஆகவே 8.33 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டிலுள்ள கே விளிம்பைத் தேர்ந்தேன். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது: கற்றையில் கலந்துவரும் பாதி அலைநீளக் கதிர் (1 1 1) தளங்களில் சிதறி, இருமடங்கு இடைவெளியுள்ள காந்தத் தளங்களின் (½ ½ ½) உச்சம் தோன்ற வேண்டிய அதே கோணத்திலேயே வந்து நிற்கும். சிதறிய கதிரின் முனைவாக்கத்தைப் (அலைவுத் திசையை) பிரித்தறியும் கிராஃபைட் (0 0 6) பகுப்பான் 45 பாகைக்குப் பதிலாக 41.7 பாகையில் அமைவதால், வேண்டாத முனைவாக்கத்தில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேலான கசிவும் உண்டு.

காந்த ஒழுங்கு குலையும் 523 கெல்வினுக்கு மேல் படிகத்தைச் சூடாக்கி, உச்சம் மறைகிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை எனக் கருதுகிறேன். ஆனால் சூட்டில் படிகம் நகர்ந்துவிடுமே! இதைச் செய்து பார்த்தவர்கள் படிகத்தை எவ்வாறு பொருத்தினீர்கள், பாதி அலைநீளக் கதிரை வடிகட்டும் ஆடிகளை எந்தக் கோணத்தில் வைத்தீர்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.