முன்னுக்கு ஓடர் போட்டவருக்கு வண்டி பிந்துவது ஏன்? பாகத் தட்டுப்பாடும் தொழிற்சாலை வரிசையும்

வெள்ளவத்தைவாசி:

வணக்கம். கொழும்பில் ஏஜென்ட் மூலம் ஜப்பான் ஹைபிரிட் எஸ்.யூ.வி. ஒன்றுக்கு முற்பணம் கட்டியாயிற்று. மேல் கிரேட் (வசதி கூடிய ரகம்), கண்ணாடி பதித்த பனோரமா கூரை, குருட்டுப்பக்க எச்சரிக்கை, நான்கு பக்கக் கமரா எல்லாம் சேர்த்த ஓடர். அதே மொடலில் கீழ் கிரேட்டுக்கு ஏழு கிழமை பிந்தி ஓடர் போட்டவருக்குச் சேசி நம்பரே வந்துவிட்டது. கேட்டால் "பாகத் தட்டுப்பாடு" என்ற ஒரே பதில்தான்.

பாகம் குறையும்போது எந்த வண்டியை முதலில் பூட்டுவது என்று தொழிற்சாலை எப்படித் தீர்மானிக்கிறது? இப்போது கூரையை விட்டுக்கொடுத்தால் வண்டி முந்துமா, அல்லது வரிசையின் அடிக்குப் போய்விடுமா? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெமட்டகொடை_மோட்டர்:

லாபம் கூடின வண்டிதான் முதலில் போகும், இதில் ஒளிவுமறைவு இல்லை. 2021, 2022 சிப் தட்டுப்பாட்டில் மெர்சிடிஸ் கிடைத்த சிப்பை விலை கூடிய மொடல்களுக்கே திருப்பியது. அப்படிப் பார்த்தால் மேல் கிரேட்தான் முந்தியிருக்க வேண்டும். தாமதம் தொழிற்சாலையில் இல்லை, இங்கேதான் என்று நினைக்கிறேன்.

லைன்_பிளானர்:

பாதி சரி, பாதி பிழை. மேல் கிரேட் எப்போதும் முந்தாது. எந்தப் பாகம் குறைகிறது என்பதைப் பொறுத்தே அது மாறும்.

முதலில் அடிப்படை. ஓடர் கணினிக்குள் போனதும் கிரேட், நிறம், கூரை, போகும் நாடு எல்லாம் குறியீடுகளாக மாறி, ஒவ்வொரு குறியீட்டுக்கும் உரிய பாகப் பட்டியல் விரியும். ஆணி, நட்டு வரை எண்ணினால் ஒரு காரில் ஏறத்தாழ 30,000 பாகம். அதில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த ஓடர் பூட்டத் தகுதியில்லை. ஆகவே திட்டமிடும் பிரிவு கேட்கும் முதல் கேள்வி "யார் முதலில் கேட்டது?" அல்ல, "வரப்போகும் பாகத்தை வைத்து எதை முழுதாக முடிக்கலாம்?" என்பதுதான். தகுதியில்லாத ஓடர் அடுத்த கிழமைக்குத் தள்ளப்படும். அதன் திகதி அழிவதில்லை, ஆனால் பின்னால் வந்த எளிய ஓடர்கள் அதைத் தாண்டிப் போய்விடும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

அமெரிக்காவில் இதை வெளிப்படையாகவே பார்க்கலாம். ஃபோர்ட் ஓடருக்கு இரண்டு இலக்க முன்னுரிமை எண் உண்டு. எண் சிறிதானால் முந்தும். ஜெனரல் மோட்டர்ஸ் ஓடருக்கு நான்கு இலக்க நிலை எண்: 3000 என்றால் உற்பத்திப் பிரிவு ஏற்றுக்கொண்டது, 3300 என்றால் பூட்டும் கிழமை குறிக்கப்பட்டது, 3800 என்றால் பூட்டி முடிந்தது. முன்னுரிமை எண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தட்டுப்பாடான ஒரு ஒப்ஷன் (விரும்பிச் சேர்க்கும் வசதி) இருந்தால் ஓடர் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இனி லாபக் கணக்கு. பார்க்க வேண்டியது ஒரு வண்டியின் லாபத்தை அல்ல, குறைகிற பாகம் ஒன்றுக்கு எவ்வளவு லாபம் என்பதை. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். பக்கத்தில் வரும் வண்டிகளை உணரும் ரேடார் கிழமைக்கு 600தான் வருகிறது. மேல் கிரேட்டுக்கு முன்னால் ஒன்று, குருட்டுப்பக்க எச்சரிக்கைக்குப் பின் மூலைகளில் இரண்டு, ஆக 3 ரேடார். கீழ் கிரேட்டுக்கு முன்னால் ஒன்று மட்டும். மேல் கிரேட்டில் வண்டிக்கு 6 இலட்சம் லாபம், கீழ் கிரேட்டில் 3 இலட்சம் என்று வையுங்கள். எல்லா ரேடாரையும் மேல் கிரேட்டுக்குக் கொடுத்தால் 200 வண்டி, 1,200 இலட்சம். கீழ் கிரேட்டுக்குக் கொடுத்தால் 600 வண்டி, 1,800 இலட்சம். எந்தத் தொழிற்சாலையும் இரண்டாவதைத்தான் எடுக்கும், வண்டி பூட்டும் லைனும் ஓய்ந்து நிற்காது. இதுவே எல்லாக் கிரேட்டுக்கும் ஒன்றே ஒன்று போகிற பாகம் குறைந்தால், உதாரணமாக என்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டி, கணக்குத் தலைகீழ்: 600 பெட்டிக்கு எப்படியும் 600 வண்டிதான், ஆகவே மேல் கிரேட் முந்தும். நண்பர் சொன்ன மெர்சிடிஸ் உதாரணம் இந்த இரண்டாவது வகை.

2025 இலையுதிர் காலத்தில் ஃபோர்ட் செய்தது நல்ல பாடம். அமெரிக்காவின் ஒஸ்வீகோவில் நொவெலிஸ் அலுமினிய ஆலை தீப்பிடித்து எஃப்-150 பிக்கப்புக்குத் தகடு குறைந்தது. ஃபோர்ட் அதன் மின்சார வகையான லைட்னிங்கின் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் பெற்றோல், ஹைபிரிட் வண்டிகளைப் பூட்டியது. அவற்றுக்கு அலுமினியம் குறைவு, லாபம் கூட. மேலே போட்ட அதே கணக்கு.

இதற்குப் பிறகுதான் மற்றவை வரும்: நாட்டுக்கான ஒதுக்கீடு, விற்கப்பட்ட ஓடரா கையிருப்புக்கான ஓடரா, தாமதத்துக்குத் தண்டம் உள்ள அரச ஒப்பந்தமா, கப்பல் எப்போது. ஐரோப்பாவில் இன்னொன்றும் உண்டு. கிலோமீற்றருக்கு இத்தனை கிராம் என்ற கரியமில வாயு வரம்பை நிறுவனத்தின் சராசரி தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும் வண்டிக்கு 95 யூரோ தண்டம், அதனால் சில வேளை குறைந்த லாபமுள்ள மின்சாரக் கார் முந்திவிடும்.

தெமட்டகொடை_மோட்டர்:

ரேடார் கணக்குச் சரி, என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். ஒன்று சேர்க்க வேண்டும்: குறைவது எப்போதும் சிப் அல்ல. 2025 மார்ச்சில் சூவோ ஸ்பிரிங் என்ற ஜப்பான் பாக நிறுவனத்தின் தொழிற்சாலை வெடிவிபத்தால் டொயோட்டா லைன்கள் சில நின்றன, அங்கே குறைந்தது சஸ்பென்ஷன் ஸ்பிரிங். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் வயர் ஹார்னஸ் (வண்டி முழுவதும் ஓடும் வயர்க் கட்டு) இல்லாமல் ஜேர்மன் தொழிற்சாலைகள் நின்றன. ஹார்னஸ் மோசமான வகை: வண்டிக்கு வண்டி ஒப்ஷனுக்கேற்ப மாறும், முதலில் போடவேண்டியதும் அதுதான். அது இல்லாமல் உட்புறம் ஒன்றையும் பூட்டமுடியாது. ஆகவே "எந்தப் பாகம்?" என்று ஏஜென்டிடம் கட்டாயம் கேளுங்கள். பதிலைப் பொறுத்துக் காத்திருக்கும் காலமே மாறும். சீட் ஹீட்டர் சுவிட்ச் சில கிழமையில் சரியாகலாம். மைக்ரோ கொன்ட்ரோலர் (பாகங்களை இயக்கும் சிப்) என்றால் சிலிக்கன் தட்டில் தொடங்கிச் சோதனை முடிய நான்கு மாதத்துக்கு மேல் பிடிக்கும், இன்று காசு கொட்டினாலும் நாளை வராது.

வெள்ளவத்தைவாசி:

மிக்க நன்றி அண்ணா, ரேடார் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது. அப்படியானால் கூரையை விட்டால் பயன் இல்லையா? சேசி நம்பர் வந்துவிட்டால் வண்டி பூட்டியாயிற்று என்றுதானே அர்த்தம்?

லைன்_பிளானர்:

சேசி நம்பரை நம்பி இருக்காதீர்கள். சில நிறுவனங்கள் பூட்டும் திகதி குறித்தவுடனே நம்பரைக் கொடுத்துவிடும், அப்போது தகடுகூட வெட்டியிருக்காது. கேட்க வேண்டியது உற்பத்தித் திகதி.

பூட்டி முடிந்தது என்றாலும் பாகம் இல்லாமல் முற்றத்தில் நிற்கக்கூடும். 2022 ஜூன் இறுதியில் ஜெனரல் மோட்டர்ஸிடம் அப்படி 95,000 வண்டிகள் நின்றன. அதே ஆண்டு செப்டெம்பரில் ஃபோர்ட் 40,000 முதல் 45,000 வரை என்று சொன்னது. இப்படி நின்ற வண்டியை எடுக்கும்போது பற்றரி, ஒரே இடத்தில் நின்றதால் டயரில் விழும் தட்டைப் புள்ளி, பிரேக் டிஸ்க் துரு மூன்றையும் பார்க்கவேண்டும்.

ஒப்ஷன் மாற்றம் பற்றி. லைன் வரிசை பூட்டுவதற்குச் சில நாள் முன்னரே உறைந்துவிடும். சீட், டாஷ்போர்ட் போன்றவை அந்த வரிசைக்கு ஏற்பவே தயாராகி வரும், ஆகவே உறைந்தபின் எதையும் தொடமுடியாது. அதற்கு முன் மாற்றலாம், ஆனால் இரண்டு விடயம்:

முதலாவது, மாற்றுவது தட்டுப்பாடான ஒப்ஷனாக இருக்கவேண்டும். உங்கள் ஓடரை ரேடார் பிடித்து வைத்திருந்தால் கூரையை விட்டு ஒரு பயனும் இல்லை. தட்டுப்பாடு கூரைக் கண்ணாடி மோட்டரில் என்றால் உடனே நகரும். கூரைக்கு இன்னொரு பக்கமும் உண்டு: அதைப் பூட்டும் இடத்தில் வேலை நேரம் கூட, எனவே கூரை வண்டிகளை அடுத்தடுத்து லைனில் விடமாட்டார்கள். பாகம் நிறைய இருந்தாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு இருக்கும்.

இரண்டாவது, மாற்றம் எப்படிப் பதியப்படுகிறது என்பது. பழைய ஓடரைத் திருத்தினால் பழைய திகதி நிற்கும். ரத்து செய்து புதிதாகப் போட்டால் அடிக்குப் போவீர்கள். "திருத்தமா, புது ஓடரா?" என்று கேட்டு, ஓடர் எண் மாறவில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சில நிறுவனங்கள் ஒப்ஷனைத் தாமே கழற்றிவிடும். ஜெனரல் மோட்டர்ஸ் 2021இல் பெரிய பிக்கப் சிலவற்றை ஸ்டார்ட்-ஸ்டொப் (வண்டி நிற்கும்போது என்ஜினைத் தானே அணைக்கும் வசதி) இல்லாமல் பூட்டி விலையில் 50 டொலர் கழித்தது. பி.எம்.டபிள்யூ. சில கார்களில் தொடுதிரையை எடுத்தது. டொயோட்டா 2022இல் ஜப்பானில் இரண்டு ஸ்மார்ட் சாவிக்குப் பதில் ஒன்றும் சாதாரண சாவி ஒன்றும் கொடுத்தது. உங்கள் வண்டியில் எது குறைகிறது, பிறகு பூட்டித் தருவார்களா, வயர் முன்னரே ஓடியிருக்கிறதா என்று கேளுங்கள். வயர் இல்லாவிட்டால் "பிறகு பூட்டலாம்" என்பது வெறும் வாய்ச்சொல்தான்.

துறைமுக_வாசல்:

கொழும்புப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ஓடர் தொழிற்சாலைக் கணினியில் இருக்கிறதா, அல்லது ஏஜென்டின் கொப்பியில் மட்டுமா என்பது. 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனத்துக்குத் திறந்தபின் முற்பணம் கட்டியவர் தொகை பெரிது, ஏஜென்டுக்குக் கிடைக்கும் ஒதுக்கீடோ சிறிது. ஒதுக்கீடு வரும்வரை ஓடர் ஜப்பானுக்குப் போவதே இல்லை. அந்த நிலையில் சிப்புக்கும் உங்கள் தாமதத்துக்கும் சம்பந்தமில்லை. தொழிற்சாலை ஓடர் எண்ணைக் கேளுங்கள், கொடுக்கமுடியாவிட்டால் ஓடர் இன்னும் இங்கேதான் இருக்கிறது.

சிறிய சந்தை என்பதால் நமக்கு உரிய வண்டிகளைத் தொகுதியாகப் பூட்டி ஒரே கப்பலில் ஏற்றுவது வழக்கம். ஒரு பாகத்தால் கப்பல் ஏற்றும் கடைசி நாள் தவறினால், இரண்டு நாள் தாமதம் அம்பாந்தோட்டையில் இறங்கும்போது ஒரு மாதமாகலாம்.

எல்.சி.யை (இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் கடன் உறுதிக் கடிதம்) கவனியுங்கள். அதில் கப்பல் ஏற்றவேண்டிய கடைசித் திகதி இருக்கும். உற்பத்தி தள்ளிப்போனால் அதை நீட்டவேண்டும், வங்கி கட்டணம் அறவிடும். அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் உங்கள் தலையில்தான் விழும். உற்பத்திக் கிழமை உறுதியாக முன் எல்.சி. திறக்கச் சம்மதிக்காதீர்கள்.

வரியும் சுங்கத்தின் நாணய மாற்று வீதமும் ஓடர் போட்ட நாளுக்குரியவை அல்ல. சுங்கத்தில் பத்திரம் பதியும் நாளுக்குரியவை. அதனால் "விலை உறுதி" என்று எழுதியிருந்தால் அது வண்டி விலையா, வரியும் சேர்த்தா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் கிரேட்டை மட்டும் எழுதாமல் ஒப்ஷன் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதவையுங்கள். ஏதாவது கழற்றப்பட்டால் எவ்வளவு குறைப்பது, எத்தனை கிழமைக்குமேல் பிந்தினால் முற்பணத்தை முழுதாகத் திருப்பித் தருவது என்பதும் இருக்கட்டும்.

வெள்ளவத்தைவாசி:

மூவருக்கும் நன்றி. திங்கட்கிழமை ஏஜென்டிடம் நான்கு கேள்வி கேட்கிறேன்: தொழிற்சாலை ஓடர் எண் என்ன, பிடித்து வைத்திருக்கும் பாகம் எது, வரிசை உறைந்துவிட்டதா, மாற்றினால் அது திருத்தமா புது ஓடரா. பதிலை இங்கே போடுகிறேன்.

லைன்_பிளானர்:

ஐந்தாவதாக ஒன்று சேருங்கள்: தட்டுப்பாடு ரேடாரில் என்றால், பின் மூலை ரேடார் இல்லாத இடைக் கிரேட் இலங்கை ஒதுக்கீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியானால் கூரையையும் கமராவையும் வைத்துக்கொண்டே வரிசையில் முன்னுக்கு வர வழியிருக்கும்.