பதாகையில் வராத பிள்ளைகள்

தொடக்கப் பதிவு – ஓய்வுபெற்ற ஆசிரியை, மானிப்பாய்

தரம் 5 புலமைப்பரிசில் முடிவு வந்தால் எங்கள் பக்கத்துச் சந்திகளில் பதாகை கட்ட இடம் போதாது. பிள்ளையின் படம், எடுத்த புள்ளி, படிப்பித்தவரின் பெயர், ரியூட்டரியின் பெயர் எல்லாம் வரும். சாதாரண தரத்தில் ஒன்பது ஏ என்றால் பதாகை இன்னும் பெரிதாகும். அதில் எனக்குக் குறையில்லை, பிள்ளைகள் நித்திரை முழித்துப் படித்துத்தான் எடுக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை இன்னொருவருக்காகத் துணிந்து ஒன்று செய்தால் அதை நாங்கள் எங்கே சொல்லி வைக்கிறோம்? எங்கள் பழைய மாணவர் சங்கம் இந்த வருடப் பரிசளிப்பு விழாவில் அதற்கும் ஓர் இடம் கொடுக்க யோசிக்கிறது. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. அதனால் கேட்கிறேன், நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள். பிள்ளையின் பெயரும் பாடசாலையின் பெயரும் வேண்டாம்.

முதலில் நான் கண்டது. தரம் 8 வகுப்பு, இடைவேளை முடிந்து பிள்ளைகள் வந்து அமர்ந்துகொண்டிருந்த நேரம். ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்து கதிரையோடு விழுந்துவிட்டாள். வகுப்பே கத்தியது. ஒருவன் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கைக்குள் திணிக்கப் பார்த்தான், இன்னொருத்தி வாய்க்குள் கரண்டி வைக்க வேண்டும் என்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். வீட்டில் பெரியவர்கள் சொன்னதைத்தானே அவர்கள் செய்வார்கள். பக்கத்து வகுப்பில் இருந்து நான் ஓடிப்போவதற்குள், இரண்டாவது வரிசையில் இருக்கும், அதிகம் வாய் திறக்காத ஒரு பிள்ளை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். மேசைகளை இழுத்துத் தள்ளி இடம் எடுத்து, தன் புத்தகப் பையில் இருந்த கொப்பிகளைக் கொட்டிவிட்டு வெறும் பையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்திருந்தாள். "வாய்க்குள்ள ஒண்டும் வைக்காதேங்கோ, கையைப் பிடிச்சு அமத்தாதேங்கோ, தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லிக்கொண்டே சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். என்னைக் கண்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "ரீச்சர், ரெண்டு நிமிசம் ஆச்சு." வலிப்பு அடங்கியதும் அவளே அந்தப் பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தாள். சென். ஜோன் முதலுதவி வகுப்பில் படித்ததாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் அவளை மேடைக்கு அழைத்துப் பாராட்டுவதாக அதிபர் முடிவு செய்தார். அன்று பின்னேரமே விழுந்த பிள்ளையின் தாய் என்னிடம் வந்து அழுதார். "ரீச்சர், என்ர பிள்ளைக்கு வலிப்பு எண்டு ஊர் முழுக்கத் தெரிஞ்சால் நாளைக்கு அவளுக்கு ஒரு கலியாணம் காட்சி நடக்குமோ?" அந்த எண்ணம் சரியா பிழையா என்று வாதாட அது நேரமில்லை. அவருடைய பயம் உண்மை. எங்கள் ஊர் அப்படித்தான் இருக்கிறது.

மேடையை விட்டோம். அதிபர் தன் கையால் ஒரு கடிதம் எழுதினார். பொதுவாக நல்ல பிள்ளை, கெட்டிக்காரி என்று எழுதாமல், அவள் என்ன என்ன செய்தாள் என்பதை வரிசையாக எழுதினார்: மேசையைத் தள்ளியது, பையை மடித்தது, நேரம் பார்த்தது. அதை நானும் வகுப்பாசிரியரும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தகப்பனின் கையில் கொடுத்தோம். மேசன் வேலை செய்பவர். முற்றத்தில் நின்றே வாசித்தார், முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து வாசித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "இதெல்லாம் நீயே பிள்ளை செய்தனீ?" என்று கேட்டார். எத்தனையோ பரிசளிப்பு விழாக்களில் நின்றிருக்கிறேன். ஒரு தகப்பனின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை வேறெங்கும் நான் காணவில்லை.

உரும்பிராயிலிருந்து ஒரு தோட்டக்காரர்

ரீச்சர் எழுதியதை வாசித்ததும் எங்கள் ஒழுங்கையில் நடந்தது ஞாபகம் வந்தது. இங்கே வளவுக்கு வளவு கிணறு. பழைய கிணறுகளில் கட்டு முழங்கால் உயரத்துக்குத்தான் இருக்கும். விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பெடியன்களில் சின்னவன் பந்தை எட்டி எடுக்கப்போய் உள்ளே விழுந்துவிட்டான். பெரியவனுக்குப் பதின்மூன்று வயது. அவன் குதிக்கவில்லை. துலாவில் கிடந்த கயிற்றை அவிழ்க்க நேரமில்லை என்று, பக்கத்தில் இருந்த வெறும் மண்ணெண்ணெய்க் கானை மூடி இறுக்கித் தூக்கிப் போட்டு, "கானைக் கட்டிப் பிடியடா, விடாதை" என்று கத்தியிருக்கிறான். பிறகு கிணற்றடியில் நின்றபடியே எங்கள் எல்லோர் பெயரையும் சொல்லிக் குழறினான். நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கயிறு கட்டி ஆள் இறங்கி எடுக்கும் வரைக்கும் சின்னவன் கானைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. "தம்பியார் தண்ணிக்குள்ள கிடக்க இவன் மேல நிண்டு பார்த்தவனாம்" என்று கடையடியில் கதைத்தார்கள். பெடியன் நாலு பேர் முன்னால் வர வெட்கப்பட்டு வீட்டுக்குள் கிடந்தான்.

அவன் குதித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தாழுகிறவன் கைக்குக் கிடைத்ததைக் கட்டிப் பிடித்து அமுக்குவான், அவனை அறியாமல்தான். நீந்தத் தெரிந்த பெரிய ஆட்களே அப்படிப் போயிருக்கிறார்கள். கிணற்றில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கோடையில் தண்ணீர் இறங்கினால் இறைப்பு மெஷினையும் உள்ளே இறக்கிவிடுவார்கள். அதன் புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. ஒருவர் மயங்கி விழ, தூக்க இறங்கியவரும் விழ, மூன்றாவது ஆளும் இறங்க, ஒரே கிணற்றில் ஒரே குடும்பத்தவர் அடுத்தடுத்துப் போவது இப்படித்தான். எங்கள் தோட்டப் பக்கத்தில் இது தெரியாத ஆள் இல்லை. தெரிந்துகொண்டும் அந்தப் பெடியனைக் கோழை என்றார்கள்.

எங்கள் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் அவனைக் கூப்பிட்டோம். தலைவர் ஒலிவாங்கியில் சொன்னது இவ்வளவுதான்: "இந்தப் பிள்ளை கிணத்துக்க குதிக்கேல்லை. குதிக்காததாலதான் ரெண்டு பிள்ளையளும் இண்டைக்கு இருக்கினம்." கதைத்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். ஒரு துவாயும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் பரிசு. அவனுக்குப் பரிசு பெரிதில்லை. அந்தப் பேச்சை ஊர் கேட்டதுதான் அவனை வெளியே கொண்டுவந்தது. அதனால் ரீச்சர், எல்லாவற்றையும் கடிதத்தோடு முடித்துவிட முடியாது. சில பிள்ளைகளுக்கு மேடை வேண்டும். ஊர் பிழையாகப் பேசியதை ஊருக்கு முன்னால்தான் திருத்தலாம்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய்

என் மகன் படிக்கும் இடத்தில் நடந்தது. அவன் தன் சாப்பாட்டை ஒரு வகுப்புத் தோழனோடு பங்கிட்டுக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கே தெரியாது, புட்டு கூடக் கேட்கிறானே என்று மட்டும் நினைத்தேன். ஆசிரியர் ஒருவர் கண்டு, நல்ல எண்ணத்தோடுதான், இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டார். "பசித்த நண்பனுக்கு உணவளித்த மாணவன்" என்று தலைப்பு. நிறைய விருப்பம் விழுந்தது, வெளிநாட்டில் இருந்தெல்லாம் வாழ்த்து வந்தது.

மற்றப் பிள்ளை அதற்குப் பிறகு பாடசாலைக்கு வரவில்லை. தாய் வீட்டு வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்ப்பவர். "நான் என்ர பிள்ளையைப் பட்டினி போட்டனான் எண்டு உலகத்துக்குச் சொல்லிப் போட்டினம்" என்று சொன்னாராம். என் மகன் இரவில் அழுதான். "நான் குடுத்ததாலதானே அம்மா அவன் வரேல்லை" என்கிறான். படத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டேன், எடுத்தார்கள். அதற்குள் எத்தனை பேர் பகிர்ந்துவிட்டார்கள்! பிறகு நானும் மகனும் அவர்கள் வீட்டுக்குப் போய்வந்தோம். இப்போது இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போகிறார்கள்.

உதவி பெற்ற பிள்ளையின் முகத்தைத் தயவுசெய்து காட்டாதீர்கள். கொடுத்தவனைப் பாராட்ட வாங்கியவனை மேடையில் ஏற்றத் தேவையில்லை.

பருத்தித்துறையிலிருந்து

சுருக்கமாக எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வரும் பின்னேர பஸ், நெருக்கம். நான் முன் ஆசனத்தில். பின்னால் இருந்து திடீரென்று ஒரு பிள்ளையின் குரல்: "அண்ணை, பஸ்ஸை நிப்பாட்டுங்கோ! இந்த ஆள் சின்னப் பிள்ளையில கை வைக்கிறார்." வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டியோடு ஒரு உயர்தர மாணவி. பக்கத்தில் நின்ற, தனக்கு முன்பின் தெரியாத ஒரு சின்னப் பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து வைத்திருந்தாள். அந்த ஆள் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினான். அவள் குரல் நடுங்கியது, ஆனால் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நடத்துநர் கதவை மறித்து நின்றார், நாங்கள் பெண்கள் எழும்பிப் போனோம், பொலிசுக்கு 119இல் அழைத்தோம்.

இறங்கும்போது பேரைக் கேட்டேன். "வேண்டாம் அன்ரி, வீட்டை தெரிஞ்சால் இனி பஸ்ஸில விடமாட்டினம்" என்றாள். இப்படிப்பட்ட பிள்ளையை எந்த விழாவில் பாராட்டுவது? அவள் வீட்டுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவளுக்கு நாங்கள் செய்யும் மரியாதை. ஆனால் ஒன்று செய்யலாம். சிறுவர் உதவிக்கான 1929 இலக்கத்தை ஒவ்வொரு பஸ்ஸிலும் கண்ணில் படும்படி ஒட்டலாம். கத்திக் கேட்கிற பிள்ளைக்கு அது ஒரு துணை.

ரொறன்ரோவிலிருந்து ஒரு பழைய மாணவர்

வாசிக்க வாசிக்க மனம் நிறைகிறது. எங்கள் சங்கத்தின் இங்குள்ள கிளையால் வருடம் ஒரு பிள்ளைக்கு நல்ல தொகையாகப் பணப்பரிசு கொடுக்கலாம். ரீச்சர் சரி என்றால் மற்றவர்களோடு கதைக்கிறேன்.

மானிப்பாய் ஆசிரியை

தம்பி, உங்கள் மனம் பெரியது. ஆனால் பணத்தை அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்க எனக்கு விருப்பமில்லை, காரணத்தைச் சொல்கிறேன். ஃபீலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இருபது மாதக் குழந்தைகள், கீழே விழுந்த பொருளைப் பெரியவருக்கு எடுத்துக் கொடுப்பது போன்ற சின்ன உதவிகள். சில குழந்தைகளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பொருள் பரிசு, சிலருக்கு வாயால் ஒரு நன்றி, சிலருக்கு ஒன்றுமில்லை. பிறகு பரிசை நிறுத்திப் பார்த்தபோது, பொருள் வாங்கிப் பழகிய குழந்தைகள்தான் மற்ற இரண்டு கூட்டத்தையும் விடக் குறைவாக உதவினார்கள். நன்றி கேட்ட குழந்தைகளுக்கு அப்படி ஒரு குறைவு வரவில்லை. சரியாகப் பேசத் தெரியாத வயதிலேயே அப்படி. எங்கள் பிள்ளைகளோ ஏற்கனவே புள்ளிக்கும் பரிசுக்கும் பழகியவர்கள். போட்டி இல்லாமல் அவர்களுக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான், அதையும் போட்டியாக்க வேண்டாம்.

அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வழி இருக்கும். யோசிப்போம்.

அச்சுவேலியிலிருந்து ஓர் ஐயா

1995 ஒக்டோபர் 30. போரால் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவு. மழை. முன்னால் போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. என் தாயார் இரண்டு கால்களும் வீங்கி வீதி ஓரத்தில் அமர்ந்துவிட்டார். நான் கைக்குழந்தையோடு. பாடசாலைக் காற்சட்டையோடு ஒரு பெடியன் வந்தான், பதினைந்து வயது இருக்கலாம். தன் சைக்கிளில் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்து வீதி ஓரத்தில் வைத்துவிட்டு, "அம்மம்மாவை ஏத்துங்கோ மாமா" என்றான். மூட்டைக்குள் என்ன என்று கேட்டேன். "புத்தகங்கள்தான்" என்றான். சாவகச்சேரி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தான். விடிந்த பிறகு கூட்டத்துக்குள் அவனைத் தவறவிட்டோம். பேர் கேட்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்க வேண்டிய பிள்ளையாக இருந்திருக்கும். என் தாயார் அதன் பிறகு ஒன்பது வருடம் இருந்தார், தினமும் விளக்கு வைக்கும்போது அவனுக்காகவும் கும்பிட்டார். எங்கேயாவது இருந்து இதை வாசித்தால், அந்த நன்றி அவனிடம் போய்ச் சேரட்டும்.

தரம் 11 மாணவி, கோண்டாவில்

ரீச்சர், நான் எழுதலாமா? வலிப்பு வந்தால் வாய்க்குள் ஒன்றும் வைக்கக்கூடாது என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எங்கள் வகுப்பிலும் ஒருத்திக்கு வரும். நாங்கள் சாவிக்கொத்துத்தான் தேடுவோம். எங்களுக்குப் பரிசு வேண்டாம், அதைப் படிப்பித்துவிடுங்கள். கான் போடுகிற முறையையும் சேர்த்து.

மானிப்பாய் ஆசிரியை

எழுதியதற்கு நன்றி மகள். ரொறன்ரோ தம்பி, உங்கள் பணத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த தவணை தொடங்கியதும் தரம் 6 முதல் எல்லா வகுப்புக்கும் முதலுதவிப் பயிற்சி, அதற்குரிய பயிற்றுநரைக் கூப்பிட்டு. உரும்பிராய் ஐயா, கிணற்றடிப் பாடத்துக்கு நீங்கள் வந்து நின்றால் பிள்ளைகள் கேட்பார்கள், வருவீர்களா?

பரிசளிப்பு விழாவுக்கு நான் சங்கத்தில் வைக்கப்போவது இது. வகுப்புக்கு ஒரு கொப்பி. ஒரு பிள்ளை செய்ததை இன்னொரு பிள்ளை அதில் எழுதலாம், தான் செய்ததைத் தானே எழுதக்கூடாது. மேடையில் சொல்வதா, கடிதம் கொடுப்பதா, ஒன்றும் செய்யாமல் விடுவதா என்பதை அந்தப் பிள்ளையிடமும் உதவி பெற்றவரின் வீட்டிலும் கேட்டபிறகே முடிவு செய்வது. படம் எடுப்பதில்லை. இதில் ஏதாவது விடுபட்டிருந்தால் இங்கேயே எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் கூட்டம்.