போர்க்கப்பலைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்க

குளச்சல்காரன்:
சின்னமுட்டத்தில் நின்றால் சில நாள் தொலைவில் சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல் போகும், என்ன ரகம் என்று கரையிலிருந்து பிடிபடாது. விமானந்தாங்கி, நாசகாரி பற்றி யூடியூபில் வேண்டிய மட்டும் இருக்கிறது. சின்ன ரகங்கள், அதாவது கொர்வெட், ரோந்துக் கப்பல், பீரங்கிப் படகு, இதுகளில் வேலை பார்த்தவர்களும் கடலில் எதிரே சந்தித்தவர்களும் நம்ம குமரி மாவட்டத்தில் நிறைய பேர் இருப்பீர்கள். எழுதுங்க.

ஆழ்கடல் தூத்தூர்:
2011 தொடக்கம். மினிக்காய்க்கு மேற்கே தூண்டில் போட்டுத் தங்கலில் கிடந்தோம். அந்த வருடங்களில் எங்களுக்கு ரெண்டு பயம். ஒன்று சோமாலியாக்காரன், இன்னொன்று எங்களைச் சோமாலியாக்காரன் என்று நினைத்து யாராவது சுட்டுவிடுவார்களோ என்பது. ரெண்டாவது சும்மா வந்த பயம் இல்லை. 2008 நவம்பரில் ஏடன் வளைகுடாவில் நம்ம கடற்படையின் ஐ.என்.எஸ். தபார் மூழ்கடித்தது, கொள்ளையர்கள் பிடித்துவைத்திருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்று பிறகுதான் வெளியே வந்தது. அதில் இருந்த மீனவர்களில் ஒரே ஒருத்தர்தான் உயிரோடு கிடைத்தார். இந்தக் கதை எங்க ஊரில் எல்லா வீட்டிலும் ஓடியது.

அன்றைக்கு ராத்திரி விளக்கு எதுவும் இல்லாமல் ஒன்று நெருங்கி வந்து திடீரென்று சர்ச்லைட்டை எங்க மேல் அடித்தது. கண் கூசிவிட்டது. ஒலிபெருக்கியில் முதலில் இந்தி, அப்புறம் ஆங்கிலம். எல்லோரும் படகின் முன்பக்கம், அணியத்துக்கு வந்து அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றோம். வெளிச்சம் விலகினதும் பார்த்தால் பெரிய கப்பல் ஒன்றும் இல்லை, ஐம்பது மீட்டருக்குள்தான், கார் நிக்கோபார் ரகம். கொல்கத்தாவில் கட்டியவை. இதற்கு விசிறி கிடையாது, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளும் வாட்டர்ஜெட். அதனால் நின்ற இடத்திலேயே வட்டம் அடிக்கிறது, நம்ம போட்டுக்கு அந்தத் திருப்பம் கனவிலும் வராது. முன்னால் இருந்த 30 மி.மீ. பீரங்கியின் வாய் எங்க வீல்ஹவுஸை விட்டு அசையவே இல்லை. ரப்பர் படகில் வந்தவர்கள் ஐஸ் அறை வரைக்கும் இறங்கிப் பார்த்தார்கள். அதில் ஒரு பையன் என் அட்டையைப் பார்த்துவிட்டு மெதுவாக, "நான் முட்டமாக்கும் அண்ணே" என்றான். அதற்கப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. கேரை மீன் ஒன்றை எடுத்து நீட்டினோம், அதிகாரி முன்னால் வாங்க மாட்டேன் என்றுவிட்டான், கண் மட்டும் மீன் மேலேயே இருந்தது.

அந்தச் சீசனில் இந்த ரகம் செய்த வேலை கொஞ்சமில்லை. ஜனவரி 28-ல் ஐ.என்.எஸ். கங்கார்சோ, கொள்ளையர்கள் தாய்க்கப்பலாக வைத்திருந்த பிராந்தலே 14-ஐ மூழ்கடித்து, அதிலிருந்த மீனவர்களை மீட்டது. மார்ச்சில் ஐ.என்.எஸ். கல்பேனி, குக்ரி என்ற கொர்வெட்டின் துணையோடு வேகா 5 என்ற மொசாம்பிக் கப்பலை மடக்கியது, 61 கொள்ளையர்கள் பிடிபட்டார்கள். 2017 ஒக்கி புயலில் எங்க ஆட்களைத் தேடப் போனதிலும் இதே கல்பேனி உண்டு, நம்ம மீனவர்களையும் ஏற்றிக்கொண்டு போனது. தேடலே தாமதம் என்ற கோபம் எங்க பக்கம் இன்னும் அடங்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் கடலுக்குள் நாங்கள் முகம் பார்த்துப் பேசினது இந்தச் சின்னக் கப்பல்களோடுதான்.

மார்த்தாண்டம் ரிட்டயர்டு:
அண்ணாச்சி குக்ரி என்று சொன்னதால் எழுதுகிறேன். நான் அதில் இருந்தவன், கப்பல் எண் பி49. மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி 1989 ஆகஸ்டில் படையில் சேர்ந்தது. 91 மீட்டர், 1,350 டன் சொச்சம், முன்னால் 76 மி.மீ. பீரங்கி. ஏவுகணை 1971-ல் கராச்சியை எரித்த அதே சோவியத் டெர்மித் ஏவுகணைக் குடும்பம். ஆடி மாதம் குமரி முனையைச் சுற்றி விசாகப்பட்டினம் போகும்போது அது உருளுகிற உருளலை அனுபவித்தால்தான் தெரியும். தட்டு நழுவாமல் இருக்க மேசையில் ஈரத் துண்டை விரித்துத்தான் சாப்பிடுவோம், அப்படியும் சாம்பார் மடியில்.

பழைய குக்ரி வேறு, அது பிரிட்டனில் கட்டிய ஃபிரிகேட். 1971 டிசம்பர் 9 ராத்திரி குஜராத் பக்கம் டையூ தீவுக்கு அப்பால், பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி அதை டார்பிடோ அடித்து மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள், கேப்டன் முல்லா கப்பலோடே போனார். தண்ணீருக்குள் ஒலியை வைத்து நீர்மூழ்கியைத் தேடும் சோனாரின் திறனைக் கூட்டும் ஒரு சோதனைக்காக வேகத்தைக் குறைத்து ஓடிக்கொண்டிருந்தது என்று சீனியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீர்மூழ்கியைத் தேடப் போகும் கப்பல் மெதுவாக ஓடினால் அதுவே குறியாகிவிடும், அந்த ஆபத்து தெரிந்தேதான் போனார்கள். மறுநாள் நம்ம கப்பல்களான பழைய கிர்பானும் கட்சலும் வந்து உயிரோடு இருந்த 67 பேரைத் தூக்கின.

இதில் கட்சல் பெத்யா ரகம், சோவியத் தயாரிப்பு. ஐந்து நாள் முந்தித்தான் கில்தானும் அதுவும் ஏவுகணைப் படகுகளுக்குத் துணையாகக் கராச்சி வரை போயிருந்தன. படகுகளை வழியில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவு தூரம் போய்வர அதுகளுக்கு எண்ணெய் காணாது. பெருமை எல்லாம் ஏவுகணைக்குப் போய்விட்டது. கில்தானை நடத்தின கமாண்டர் கோபால் ராவுக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்க குக்ரியை 2021 டிசம்பர் 23-ல் விசாகையில் விடைகொடுத்து டையூவுக்கே நினைவுக் கப்பலாகக் கொடுத்துவிட்டார்கள். அதோடு கூடப் பிறந்த புது கிர்பான் 2023-ல் வியட்நாமுக்குப் போனது. அதற்குக் கிடைத்த முடிவுதான் எனக்குப் பிடிக்கும், இன்னும் ஓடுகிறதே.

குளச்சல்காரன்:
ஏவுகணை இல்லாத ரோந்துக் கப்பல் சண்டை வந்தால் என்ன செய்யும்?

வடசேரி வாத்தியார்:
தம்பி, 1942 நவம்பர் 11-ஐப் படித்துப் பார். எச்.எம்.ஐ.எஸ். பெங்கால், வெள்ளைக்காரன் காலத்து இந்தியக் கடற்படையின் சின்னக் கப்பல், 650 டன், இருந்த பெரிய பீரங்கியே பன்னிரண்டு பவுண்டு குண்டு சுடும் ஒன்றுதான். ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகப் ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கமிருந்து இந்தியப் பெருங்கடல் நடுவே இருக்கும் தியாகோ கார்சியா தீவுக்குப் போகிறது. எதிரே பத்தாயிரம் டன்னுக்கு மேல் உள்ள ஜப்பானிய ஆயுதக் கப்பல்கள் ரெண்டு. பெங்கால் விலகி ஓடாமல் நேராக அவற்றை நோக்கிப் போனது. பெங்காலும் ஒண்டினாவும் சுட்டதில் அந்த ரெண்டில் ஒன்றான ஹோகோகு மாரு வெடித்து மூழ்கியது, யாருடைய குண்டு பட்டது என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். பெங்கால் அடிவாங்கினாலும் தியாகோ கார்சியா போய்ச் சேர்ந்தது.

ஆழ்கடல் தூத்தூர்:
தியாகோ கார்சியாவா வாத்தியாரே! அந்தப் பக்கம் எங்க ஆட்கள் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலிடம் மாட்டினது தனிக் கதை. 2010-ல் அந்தத் தீவு இருக்கும் சாகோஸ் கடலில் மீன்பிடிக்கத் தடை போட்டதிலிருந்து தொடங்கணும். ஐஸ் ஏற்றிவிட்டு வந்து எழுதுறேன்.